இங்கிலாந்துக்குப் பிஎச்டி போயிருக்கும் பெருந்துறைத் தம்பிக்கு

தம்பி, எலாஸ்டிசிட்டி கணிதத்தில் (இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் பொருள்களின் கணிதம்) பிஎச்டி சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, இனி எதைக் கவனிக்க வேண்டும், ரப்பரை வைத்தே காலம் தள்ள முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். குளிர் கோட்டு, புழுங்கல் அரிசி எல்லாம் மற்றவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். நான் படிப்பு, வேலை சங்கதியை மட்டும் சொல்கிறேன். இப்போது லீவில் திருப்பூர் வந்திருக்கிறேன். கீழே எங்கள் எலாஸ்டிக் பட்டறை சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். பாஸ்போர்ட்டில் நம் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் சர்நேம் ஆகிவிடும். என்னை ஒரு வருஷம் அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். போனில் சொன்னால், "நான் எப்படா அங்க வந்தேன்?" என்று அவருக்கு ஒரே சிரிப்பு. சிரிப்பு சரி, என் முதல் கட்டுரை ஒரு பெயரிலும் இரண்டாவது வேறு பெயரிலும் வந்து, தேடுகிறவர்களுக்கு நான் இரண்டு ஆளாகிவிட்டேன். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரே வடிவத்தை முடிவு செய்து, ஆர்க்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண்ணும் வாங்கிவிடுங்கள். காசில்லை, பத்து நிமிஷ வேலை.

அப்புறம் பதவிப் பெயர்கள். பிஎச்டி முடிந்ததும் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வு வேலை. பெரும்பாலும் இரண்டு, மூன்று வருஷ ஒப்பந்தம்தான். அதை ஒன்றுக்கு மேல் செய்தவர்களே அதிகம். அதன் பிறகு கிடைக்கிற லெக்சரர் வேலைதான் அங்கே நிரந்தர வேலையின் முதல் படி. ஊரில் கல்யாண வீட்டில், "இன்னும் லெக்சரர்தானுங்களா?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுங்கள். விசாவில், படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை பார்க்க உதவும் கிராஜுவேட் விசா பிஎச்டி முடித்தவர்களுக்கு மூன்று வருஷம். விதி அடிக்கடி மாறும், அரசுத் தளத்தில் மட்டும் பாருங்கள்.

"ரப்பரை வைத்தே காலம் தள்ள முடியுமா" என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரொனால்டு ரிவ்லின் கதையைப் பாருங்கள். லண்டனில் 1915இல் பிறந்தவர். 1944இல் அவர் சேர்ந்தது பல்கலைக்கழகத்தில் இல்லை, ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆராய்ச்சிச் சங்கத்தில். ஆங்கிலேய விஞ்ஞானி ஹூக் 1678இல் சொன்ன "இழுவிசைக்கு ஏற்ற நீட்சி" கொஞ்சமாக நீளும் கம்பிக்குப் பொருந்தும். இரண்டு, மூன்று மடங்கு நீளும் ரப்பருக்குப் பொருந்தாது. அந்தப் பெரிய நீட்சிக்கான கணிதத்தை அங்கே இருந்துதான் 1948 முதல் வரிசையாக எழுதினார். 1953இல் அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகம், 1967இல் லீஹை பல்கலைக்கழகம் என்று போனார். பின்னாளில் கிளாஸ்கோவில் கணிதப் பேராசிரியரான ரே ஆக்டன் 1972இல் ரப்பருக்கு ஒரு கணித மாதிரி எழுதினார். 2000இல் ஹோல்ஸாப்ஃபெல், காசர் என்ற இரண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் எழுதிய மாதிரி ரத்தக் குழாய்ச் சுவருக்கு. பொருள் மாறுகிறது, கணிதத்தின் அடிப்படை மாறவில்லை. அதனால் பொருளைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். வேலை தேடும்போது கணிதத் துறையை மட்டும் பார்க்காமல் இயந்திரவியல், உயிர்மருத்துவத் துறை விளம்பரங்களையும் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் நான் ஏமாந்தேன். என் மேற்பார்வையாளரிடம் வீட்டுத் தொழிலைச் சொல்லவே இரண்டு வருஷம் கூச்சம். எலாஸ்டிக் வந்ததும் அப்பா ஒரு சாண் வெட்டி, ஐந்தாறு தரம் இழுத்துவிட்டுத்தான் அளப்பார். "முதல் இழுப்பு பொய் சொல்லும்" என்பார். முதல் தரம் விறைப்பாக இருந்து அடுத்த தரம் தளர்வதற்கு ரப்பரில் முல்லின்ஸ் விளைவு என்று பெயர். எலாஸ்டிக் நாடாவில் நூல்களின் உரசலும் கலந்திருக்கும், அதனால் கணக்கு இன்னும் சிக்கல். நான் தற்செயலாக இதைச் சொன்ன அன்று மேற்பார்வையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் கேட்டார். என் ஆய்வின் மூன்றாவது அத்தியாயம் அதுதான்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒரு அகலமான ரப்பர் பேண்டை வெடுக்கென்று இழுத்து உதட்டில் வையுங்கள், சுடும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் பிடித்து ஆறவிட்டு, சட்டென்று தளர்த்தி வையுங்கள், ஜில்லென்று இருக்கும். வட இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் வாழ்ந்த, பார்வையற்ற ஜான் காஃப் கவனித்துச் சொன்னது இது. இயற்பியலாளர் ஜூல் அதை 1859இல் அளந்தார். முதல் செமினாரில் இதைக் காட்டினால் யாரும் தூங்க மாட்டார்கள்.

ஊரிலிருந்து யாராவது வந்தால், இழுத்து ஒப்பிட்டுப் பார்க்க ரப்பர் நூல் போட்ட எலாஸ்டிக் இரண்டு மீட்டர், லைக்ரா என்ற செயற்கை நூல் போட்டது இரண்டு மீட்டர் கொண்டுவரச் சொல்லுங்கள். பருப்புப்பொடி தருகிறேன் என்றால் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.