நம்ம வீடு (நித்யா கல்யாணம்)

உமா அத்தை: சண்முகம் அண்ணன் வெளிநாட்டில் மலையிலிருந்து விழுந்துவிட்டாராமே? மேலத்தெரு வரைக்கும் பேச்சு

ரவி: யார் சொன்னது

உமா அத்தை: சரோஜா அண்ணி நேற்று ராத்திரி பூரா போன் போட்டார்களாம். எடுக்கவே இல்லையாம்

கீதா: ஐயோ

ரவி: எடுக்காவிட்டால் விழுந்ததாக அர்த்தமா அக்கா

கார்த்தி: அத்தை, அப்பா நன்றாக இருக்கிறார். சார்ஜ் போச்சு. இங்கே இப்போதுதான் காலை ஆறரை. பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்கிறார்

ரவி: கட்டுரை வருது

சண்முகம் பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். நான் நலம். நேற்று அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தில், க்ரோக் பாட்ரிக் மலை ஏறினேன். உயரம் 764 மீட்டர். கடலோரம் முரிஸ்க் என்ற ஊரிலிருந்து பாதை. கடைசிக் கூம்பு முழுக்க உதிரிக் கல், ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். அங்கே உட்கார்ந்தேன், விழவில்லை. உச்சியில் 1905இல் கட்டிய சின்னத் தேவாலயம். அயர்லாந்தின் காவல் புனிதரான பாட்ரிக் அங்கே 40 நாள் நோன்பிருந்தார் என்பது நம்பிக்கை. ஜூலை கடைசி ஞாயிறு ஆயிரக்கணக்கில் ஏறுவார்கள், சிலர் வெறுங்காலோடு.

உமா அத்தை: வெள்ளியங்கிரி மாதிரியா

சரோஜா பெரியம்மா: வெள்ளியங்கிரிக்கு நான் கூப்பிட்டபோது முட்டி வலி

ரவி: ஹாஹா

மாலா: மேலேயிருந்து போட்டோ?

கார்த்தி: எல்லாம் மேகம். கொஞ்ச நேரம் விலகியது, கீழே க்ளூ விரிகுடாவில் திட்டுத் திட்டாகத் தீவுகள். அனுப்புகிறேன்

கீதா: அது இருக்கட்டும், நாதஸ்வரம் என்ன ஆச்சு? ஆவணி முகூர்த்தம் எல்லாம் போய்க்கொண்டிருக்கு

ரவி: மாப்பிள்ளை வீட்டில் செண்டை மேளம் கேட்கிறார்கள்

உமா அத்தை: கல்யாணமா, கடை திறப்பு விழாவா

நித்யா: நான் டிஜே மட்டும்தான் கேட்டேன்

சண்முகம் பெரியப்பா: அந்த இசை விஷயத்துக்குத்தான் வருகிறேன். ராத்திரி வெஸ்ட்போர்ட் என்ற ஊரில் ஒரு கடைக்குப் போனோம். சீஃப்டன்ஸ் என்ற அயர்லாந்து இசைக்குழுவின் புல்லாங்குழல் கலைஞர் மேட் மொலாயுடையது.

சரோஜா பெரியம்மா: என்ன கடை

கார்த்தி: பப் மா

உமா அத்தை: சிவசிவா

சண்முகம் பெரியப்பா: நான் குடித்தது தேநீர். மேடை இல்லை, மைக் இல்லை. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கிறார்கள். வயலின், குழல், அப்புறம் போரான்: ஆட்டுத்தோல் போர்த்தியது, நம் கஞ்சிராவைவிடப் பெரியது, குட்டைக் குச்சியால் அடிப்பார்கள். இல்லன் பைப் என்று ஒரு காற்றுப்பை வாத்தியம், அதை வாயால் ஊதுவதில்லை, முழங்கைக்கு அடியில் துருத்தி. ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை வாசித்து, கண்ஜாடையிலேயே அடுத்ததற்குத் தாவுகிறார்கள். ஜிக் என்ற அவர்கள் ஆட்ட மெட்டு ஏறக்குறைய நம் திஸ்ர நடை, மூன்று மூன்றாகப் போகும். நான் தொடையில் தாளம் போட்டதைப் பார்த்து ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

மாலா: வாசிச்சீங்களா!!

கார்த்தி: தாளம் தட்ட இரண்டு ஸ்பூன் கொடுத்தார்கள். வீடியோ இருக்கு

ரவி: தாத்தா அறுபதாம் கல்யாணத்தில் தவில்காரருக்கே தாளம் சொல்லிக்கொடுத்தவர் ஆச்சே

கீதா: அந்த செட் அப்புறம் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை

சண்முகம் பெரியப்பா: அந்தத் தவில்காரர் காலப்பிரமாணம் ஓடியது, வேகம் ஒரே சீராக நிற்கவில்லை. இன்றும் சொல்வேன்.

ரவி: அண்ணா விடுங்க

கீதா: நாதஸ்வரம் என்றால் இன்றைக்கே அட்வான்ஸ் கொடுக்கணும். யார் கொடுக்கிறது?

உமா அத்தை: காலையில் நாதஸ்வரம், வரவேற்புக்கு செண்டை?

நித்யா: டிஜே?

ரவி: சம்பந்தியிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்

கீதா: இதையே போன வாரமும் சொன்னே

மாலா: வீடியோ போடு கார்த்தி