பூட்டான் பயணம்: அம்மாவிடம் பாஸ்போர்ட் இல்லை, முழங்கால் வலி வேற. உதவி தேவை

கேட்டவர்: மலைப்பிரியை

வணக்கம். மே மாத லீவில் ஆறு இரவு பூட்டான் போறோம். நான், கணவர், 9 வயசுப் பையன், 67 வயசு அம்மா. பாக்டோக்ரா வரை விமானம், அங்கிருந்து கார்ல நம்ம எல்லையூர் ஜெய்கான் போய், அதை ஒட்டின பூட்டான் ஊர் ஃபுன்ட்ஷோலிங் வழியா உள்ளே.

எனக்கும் கணவருக்கும் பாஸ்போர்ட் இருக்கு. அம்மா பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. "ஆதார் போதும் மேடம்"னு ஏஜென்ட் சொல்லி முன்பணமும் வாங்கிட்டார். இப்போ பக்கத்து வீட்டு அக்கா ஆதார் செல்லாதுங்கறாங்க. வாக்காளர் அட்டை ஒண்ணு இருக்கு, ஆனா படம் மங்கிப்போச்சு. அதில் தாத்தாவோட இனிஷியல், ஆதாரில் அப்பாவோட இனிஷியல்.

இன்னொண்ணு, பாறை விளிம்புல தொங்குற தக்த்சங் மடத்தை டிவியில பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு அதே நினைப்பு. முழங்கால் வலியோட ஏற முடியுமா?

பதில்: எல்லைச்சாமி

அக்கா சொன்னதுதான் சரி. இந்தியர்களுக்கு ரெண்டே அடையாளம்தான்: ஆறு மாசமாவது செல்லுபடியாகிற பாஸ்போர்ட், இல்லைன்னா வாக்காளர் அட்டை. ஆதார், பான், லைசென்ஸ் எதுவும் எடுபடாது. ஏஜென்ட்டுக்கு இன்னைக்கே போன் போடுங்க.

அட்டையில இருக்கிற மங்கின படத்தோட போகாதீங்க. வாக்காளர் இணையதளத்தில் படிவம் 8 நிரப்பினா இனிஷியல் திருத்தம், புது அட்டை ரெண்டுக்கும் வழி இருக்கு. பிறகு பெர்மிட் விண்ணப்பத்தில் அந்த அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரைப் போடுங்க. கையில அசல் இருக்கணும். பையனுக்குப் பாஸ்போர்ட் இல்லைன்னா பிறப்புச் சான்றிதழ், அதில் ஆங்கிலம் இருக்கணும்.

பதில்: கணக்குப்பிள்ளை

ஏஜென்ட் சொன்ன தொகையில் எஸ்.டி.எஃப். சேர்ந்திருக்கான்னு எழுத்தில் கேளுங்க. அது பூட்டான் அரசு வாங்குற கட்டணம். இந்தியருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய், 6 முதல் 12 வயசு வரை பாதி. உங்க மூணு பேருக்கு 21,600, பையனுக்கு 3,600, ஆக 25,200. எங்களுக்கு "எல்லாம் அடக்கம்"னு சொன்ன ஒருத்தர் இதைக் கட்டவே இல்லை. எல்லையில நின்னு கைக்காசைப் போட்டோம்.

நம்ம வண்டியை உள்ளே கொண்டுபோனா நாள்கணக்கில் தனி வரி. ஃபுன்ட்ஷோலிங்ல பூட்டான் டாக்ஸி பிடிங்க. பூட்டான் பணமான நுல்ட்ரமும் நம்ம ரூபாயும் சம மதிப்பு, ஆனா மிச்ச நுல்ட்ரத்தை அங்கேயே செலவழிச்சிடுங்க.

பதில்: பாரோ போய்வந்தவள்

அம்மா விஷயத்துக்கு வரேன். எழுபது வயசு மாமியாரைக் கூட்டிட்டுப் போனவ நான். மடம் இருக்கிறது 3,120 மீட்டர்ல, பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் ஏத்தம். பாதி வழியில இருக்கிற சிற்றுண்டிச்சாலை வரை குதிரை உண்டு. இறங்க குதிரை கிடையாது! முழங்காலைப் பதம் பார்க்கிறது இறக்கம்தானே. செம்மண் சரிவு, காலடியில கூழாங்கல் உருளும். மாமியார் என் தோளைப் பிடிச்சுப் பக்கவாட்டில் ஒவ்வொரு அடியா வைச்சு இறங்கினாங்க. அன்னைக்கு ராத்திரி ரெண்டு காலும் வீங்கிடுச்சு. நான் கூட்டிட்டுப் போயிருக்கவே கூடாது.

சிற்றுண்டிச்சாலைக்கு மேலே படிக்கட்டா இறங்கி, அருவி தாண்டி, மறுபடி ஏறணும். அது அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். அடிவாரத்தில் கார் நிறுத்துற இடத்திலிருந்தே மடம் சின்னதாத் தெரியும், பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க.

மறுநாள் கிச்சு லாகாங் போனோம். மடம் இருக்கிற பாரோ ஊரிலேயே, சமதளம், ரொம்பப் பழைய கோயில். உள்ளூர்ப் பாட்டிகள் மணிமாலை உருட்டிக்கிட்டு, வரிசையா இருக்கிற பிரார்த்தனைச் சக்கரங்களைச் சுத்திவிட்டுக்கிட்டே வலம் வருவாங்க. ஒரு பாட்டி மாமியார் கையைப் பிடிச்சு சக்கரத்து மேல வைச்சாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு மொழி இல்லை, ஆனா ஒண்ணா மூணு சுத்து வந்தாங்க.

கோட்டை இருக்கிற புனாகா ஊரை விட்டுடாதீங்க. தலைநகர் திம்புவை விட ஆயிரம் மீட்டர் தாழ்வு, குளிர் வாட்டாது. கோட்டை வாசல்ல மரப்படி மட்டும் செங்குத்து. சாப்பாட்டில் ஏமா தட்ஷின்னா மிளகாயே காய்கறி, பையனுக்குச் சொல்லி வைங்க.

மலைப்பிரியை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. படிவம் 8 போட்டாச்சு. புது அட்டை கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம்னு ஏஜென்ட்டிடம் சொல்லிட்டேன். கணவரும் பையனும் மலை ஏறட்டும், நானும் அம்மாவும் கிச்சு போறோம். சொன்னதும் அம்மா கேட்டது, "அந்தச் சக்கரத்தை எந்தப் பக்கமாடி சுத்தணும்?"

பாரோ போய்வந்தவள்

வலம் வர்ற மாதிரிதான், கடிகாரம் சுத்துற பக்கம்னு அம்மாகிட்ட சொல்லுங்க. அங்கே கடிகாரம் நமக்கு அரை மணி முன்னால ஓடும், எல்லை தாண்டினதும் மாத்திக்கோங்க.