நிணநீர்நாளக் கிளைப்பு, புரதம் குறிக்கா ஆர்.என்.ஏ.: இரண்டு சொற்கள் பற்றி

ஐயா, வணக்கம்.

நோயாளிகளுக்கான தாளில் non-coding RNA, அதாவது புரதம் செய்வதற்கான குறியைத் தாங்காத ஆர்.என்.ஏ. மூலக்கூறு, என்பதற்கு நீங்கள் வைத்த 'குறியீடற்ற ஆர்.என்.ஏ.' என்ற சொல்லில் எனக்கு ஒரு தயக்கம். 'அற்ற' என்றதுமே உள்ளே ஒன்றுமில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நம் மரபணுத்தொகுதியில் புரதத்துக்கான குறியைத் தாங்கும் பகுதி 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதியைக் குப்பை என்று ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. ஆனால் புரதம் எதையும் குறிக்காமலே மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற மிகச் சிறிய ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் என்ற அறிவியலாளர்களுக்கு 2024-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பழைய எண்ணத்தை நாம் புதுச்சொல்லில் கொண்டுவர வேண்டாம்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயையே பாருங்கள். எல்.என்.மேட்-2 என்ற, புரதம் எதையும் குறிக்காத நீண்ட ஆர்.என்.ஏ.வைப் புற்றுச்செல்கள் எக்சோசோம் என்னும் நுண்பைகளில் வைத்து வெளியே அனுப்புகின்றன. நிணநீர் நாளத்தின் உட்சுவர்ச் செல்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. உள்ளே போனதும் அது, நிணநீர் நாள வளர்ச்சிக்கு முக்கியமான பிராக்ஸ்-1 என்ற மரபணுவைத் தூண்டுகிறது. நாளம் புதிதாகக் கிளைவிடுகிறது, புற்று நிணநீர்க் கணுவுக்குப் போக வழி கிடைக்கிறது. நிணநீர் நாள வளர்ச்சி என்றாலே வி.இ.ஜி.எஃப்.-சி என்ற புரதத்தைத்தான் சொல்வோம். அதன் துணை இல்லாமலே இந்த ஆர்.என்.ஏ. வேலையை முடித்துவிடுகிறது! எதிர்ப்பக்கமும் உண்டு: மைக்ரோ ஆர்.என்.ஏ.-31, 181ஏ இரண்டும் அதே பிராக்ஸ்-1-ஐ அடக்குபவை. தூண்டுவதும் அடக்குவதுமாக இவ்வளவு செய்யும் ஒன்றை 'அற்றது' என்று எப்படி அழைப்பது?

அது எதைக் குறிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டால் போதும். 'புரதம் குறியா' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். 'அதிலேயே குறியா இருக்கான்' என்ற பேச்சு குறுக்கே வந்து பொருளையே திருப்பிவிடுகிறது. 'புரதம் சுட்டா' என்றால் அடுப்படி நினைவு. ஆகவே 'புரதம் குறிக்கா ஆர்.என்.ஏ.' வாடா மலர் போல நம் இலக்கணத்துக்கு இயல்பான அமைப்பு.

அடுத்தது நிணநீர் நாள வளர்ச்சிக்கான (lymphangiogenesis) சொல். சுருக்கமாக 'நிணநாளம்' என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். பழந்தமிழில் நிணம் என்றால் கொழுப்பு, அதனால் 'நீர்' இருந்தே ஆக வேண்டும். 'பெருக்கம்' என்றால் நாளம் விரிவதா, எண்ணிக்கை கூடுவதா என்று தெரியாது. புற்றைச் சுற்றி இரண்டும் நடக்கும். 'உருவாக்கம்' கருவில் முதன்முதலாகத் தோன்றுவதற்கு இருக்கட்டும். இங்கே நடப்பது இருக்கிற நாளத்திலிருந்து புதுக்கிளை விடுவது. 'துளிர்ப்பு' அழகான சொல்தான், ஆனால் நோயாளியின் கையில் போகும் தாளில் அந்த மங்கலம் உறுத்தும். காயம் ஆறும்போதும் இதே நிகழ்வு உண்டு என்பதால் நன்மை தீமை எதுவும் ஒட்டாத சொல் வேண்டும். 'நிணநீர்நாளக் கிளைப்பு' என்று வைக்கலாமா?

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: "சில புரதம் குறிக்கா ஆர்.என்.ஏ.க்கள் நிணநீர்நாளக் கிளைப்பைத் தூண்டுகின்றன; சில தடுக்கின்றன." வாய்விட்டுப் படித்து, எங்கே நாக்கு தடுக்குகிறது என்று சொல்லுங்கள். எக்சோசோமை மட்டும் இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன்; 'நுண்பை' என்றால் செல்லுக்குள்ளேயே இருக்கும் மற்றப் பைகளோடு குழம்பும்.