மோகனம்: 1 கட்டையா, 5 கட்டையா? (தமிழ்ப்பள்ளி இசைக்குழு)

சிப்புட்_டீச்சர்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. 4, 5ஆம் ஆண்டுப் பிள்ளைகள் 20 பேர்: ரெக்கார்டர் (வாயால் ஊதும் குழல்) 14, பாட்டு 4, மிருதங்கம் 1, கீபோர்டு 1. மே 16 ஆசிரியர் தினத்துக்கு மோகன ராகத்தில் ஒரு பாட்டு. கீபோர்டுக்குச் சுலபம் என்று சி-யில், அதாவது 1 கட்டைச் சுருதியில் எடுத்தோம். ரெக்கார்டர் கீச்சிடுகிறது, பாடுகிறவர்கள் கீழே இறங்கினால் குரலே கேட்கவில்லை. வாரம் இரு முறை அரை மணி நேரம்தான், அதற்குள் வேன் வந்துவிடும். என்ன செய்யலாம்?

குழலாசிரியர்:
டீச்சர், பாட்டை மாற்ற வேண்டாம், சுருதியை மாற்றுங்கள். 1 கட்டையில் ஸட்ஜமே (ஸ) ரெக்கார்டரின் ஆகக் கீழ் ஸ்வரம். எல்லாத் துளையும் மூட வேண்டும். சின்னப் பிள்ளையின் சுண்டுவிரல் அடியிலிருக்கும் இரட்டைத் துளைக்கு எட்டாது. காற்று கசிந்ததும் இன்னும் பலமாக ஊதுவார்கள், ஸ்வரம் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். அந்தக் கீச்சு அதுதான்.

5 கட்டைக்குப் போங்கள், அதாவது ஜி-தான் ஸ. ஸ ரி க மூன்றும் ஜி, ஏ, பி. இடது கை மட்டும் போதும், பிள்ளைகள் முதலில் படிப்பதே இவைதான். மந்திர (கீழ் ஸ்தாயி) ப, த இரண்டும் டி, ஈ. நடு ஸ்தாயி பஞ்சமத்துக்கு (ப) கட்டைவிரலை எடுத்துவிட்டு நடுவிரல் ஒன்று மட்டும். அதற்கு மேல் வரும் அடிகளைக் குரலுக்கும் கீபோர்டுக்கும் விட்டுவிடுங்கள். கைவந்த 4 பேர் மெட்டை வாசிக்கட்டும், மற்ற 10 பேர் ஸ-வும் ப-வும் பிடித்து நிற்கட்டும். கேட்க அழகாகவே இருக்கும், யாரும் ஒதுக்கப்பட்டதாக நினைக்க மாட்டார்கள். கீபோர்டு பிள்ளைக்கு விரல் மாற வேண்டாம்: டிரான்ஸ்போஸ் பட்டனில் −5 வையுங்கள்.

ஊதும்போது 'டூ' என்று மெல்லச் சொல்லச் சொல்லுங்கள், கன்னம் உப்பக் கூடாது.

தோல்வாத்தியம்_ஈப்போ:
மிருதங்கத்தை மறந்துவிடாதீர்கள். 5 கட்டைக்கு 22 அங்குல ஹெச்சு (உயர்ந்த சுருதி) மிருதங்கம் வேண்டும். பள்ளியில் இருப்பது 24 அங்குலத் தக்கு (தாழ்ந்த சுருதி) என்றால் வாரை இழுத்து 5-க்கு ஏற்றாதீர்கள், தோல் கிழியும். 2 கட்டையில் வையுங்கள், அது உங்கள் பஞ்சமம், மோகனத்தில் ஒட்டும். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) பூசும் ரவையை வாசித்து முடித்ததும் சுரண்டிவிட வேண்டும்.

சிப்புட்_டீச்சர்:
மிக்க நன்றி. ரெக்கார்டர்கள் பல வருடங்களில் வாங்கியவை, சிலவற்றில் எஃப் ஒத்தே வராது. அதனால் சிக்கல் வருமா?

குழலாசிரியர்:
வராது. மேலிருந்து நான்காவது துளை ஐந்தாவதைவிடச் சிறியதென்றால் பரோக், பெரியதென்றால் ஜெர்மன் வகை. இரண்டுக்கும் எஃப் வாசிக்க விரல் வைக்கும் முறை வேறு. 5 கட்டை மோகனத்தில் எஃப்பே இல்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து ஜி ஊதிப் பாருங்கள். ஒருவர் ஏறி நின்றால் அவருடைய தலைப் பகுதியை 1, 2 மில்லிமீட்டர் வெளியே இழுங்கள். தொடங்குமுன் எல்லோரும் 5 நிமிடம் தலைப் பகுதியைக் கைக்குள் பொத்திச் சூடாக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் பாட்டு முழுக்கச் சுருதி தாழ்ந்தே கிடக்கும். எச்சிலும் சீக்கிரம் அடைக்கும். அடைத்தால் ஜன்னலை (தலைப் பகுதியில் காற்று வெளியேறும் திறப்பை) விரலால் லேசாக மூடி ஒருமுறை ஓங்கி ஊதினால் போதும், உள்ளே குச்சி விடக் கூடாது.

கேண்டீனில்தான் பயிற்சி என்றால் தகரக் கூரையில் மழை அடிக்கும் நாளில் ஊத வேண்டாம். தாளம் போட்டு ஸ்வரம் மட்டும் பாடட்டும்.