புதுப்பிப்பு: பாரிஸ் டிஸ்னிலேண்ட் போய் வந்தோம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள அனாஹைம் டிஸ்னிலேண்டைப் பலமுறை பார்த்த எங்களுக்குப் பாரிஸ் டிஸ்னிலேண்டில் ஒரு நாளைச் செலவிடுவது வீணாகுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். வீணே இல்லை!

முதலில் கோட்டை. அனாஹைமில் 1955இல் கட்டியது 23 மீட்டர்தான். 1992இல் திறந்த இது ஏறத்தாழ 50 மீட்டர். கோட்டைக்கு அடியில் ஒரு குகை. இருட்டில், தண்ணீருக்கு நடுவே, கழுத்தில் சங்கிலியோடு ஒரு டிராகன் படுத்திருக்கிறது. மெல்லக் கண் திறந்து, தலையைத் தூக்கிப் புகை விட்டதும் என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அனாஹைமில் இது கிடையாது.

சுரங்க ரயில் போன்ற ரோலர் கோஸ்டரான பிக் தண்டர் மவுண்டன் இங்கே ஏரி நடுவே ஒரு தீவில் நிற்கிறது. கரையில் ஏறிய ரயில் தண்ணீருக்கு அடியில் சுரங்கத்தில் பாய்ந்து தீவுக்குப் போகிறது; திரும்பும்போதும் அதே கும்மிருட்டு, இன்னும் வேகம். அனாஹைம் ரயிலை விட இதுவே எனக்குப் பிடித்தது.

மழை பெய்தது. பூங்காவின் நுழைவுத் தெருவான மெயின் ஸ்ட்ரீட்டின் இருபுறமும் கூரையிட்ட நடைகூடங்கள் இருப்பதால் நனையவில்லை. பாரிஸிலிருந்து ஆர்இஆர் ஏ என்ற புறநகர் ரயில் வாசலருகிலேயே இறக்கிவிடுகிறது, கார் வேண்டாம்.

தயங்கிக்கொண்டிருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். குகையை மட்டும் தவறவிடாதீர்கள்.