எஃப்எஃப்டி தரவிலிருந்து சைன் அலைகளைக் கூட்டி ஒலி உருவாக்கும்போது 'டிக்' ஓசை

கேள்வி:
பியானோவின் ஒற்றைச் சுரத்தை எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணிப்பு முறை) கொண்டு பகுத்து, சட்டகந்தோறும் (ஒலியை வெட்டிய சிறு துண்டுதோறும்) கிடைத்த உச்சங்களின் அதிர்வெண்ணையும் வீச்சையும் சைன் அலைகளாகக் கூட்டினேன். சுருதி சற்றே விலகுகிறது. சட்டக எல்லைகளில் 'டிக்' என்ற ஓசையும் கேட்கிறது. எதைத் திருத்த வேண்டும்?

மறுமொழி:
44,100 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (நொடிக்கு 44,100 அளவீடுகள்) 4,096 புள்ளிகளை எடுத்தால், அடுத்தடுத்த இரு பெட்டிகளுக்கு (எஃப்எஃப்டி பிரித்துத் தரும் அதிர்வெண் கூறுகளுக்கு) இடையே ஏறத்தாழ 10.8 ஹெர்ட்ஸ் இருக்கும் என்பதால், பெட்டியின் மைய அதிர்வெண்ணை அப்படியே பயன்படுத்தினால் கீழ்ச்சுரங்களில் விலகல் நன்றாகவே கேட்கும். உச்சப் பெட்டியையும் அதன் இருபுறப் பெட்டிகளையும் டெசிபெல் அளவில் எடுத்து, அம்மூன்றின் வழியே ஒரு பரவளையத்தைப் பொருத்தி, அதன் முகட்டை அதிர்வெண்ணாகக் கொள்ளுங்கள். ஹான் சாளரம் (சட்டகத்தின் இரு ஓரங்களையும் மெல்லத் தணிக்கும் வளைவு) போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மறுமொழி:
'டிக்' ஓசைக்குக் காரணம் வேறு. ஒவ்வொரு சட்டகத்திலும் கட்டத்தை (அலை தன் சுழற்சியில் நிற்கும் இடத்தை) சுழியத்திலிருந்து தொடங்குகிறீர்கள் போலும். கட்டத்தை அறுபடாமல் கூட்டிக்கொண்டே சென்று, வீச்சையும் அதிர்வெண்ணையும் மாதிரிக்கு மாதிரி சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மேற்சுரங்களை (அடிப்படை அதிர்வெண்ணோடு சேர்ந்து மேலே ஒலிப்பவற்றை) அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளாக்கிவிடலாமா?

மறுமொழி:
பியானோவுக்கு வேண்டாம். கம்பியின் விறைப்பினால் மேற்சுரங்கள் முழு மடங்கைவிடச் சற்று உயர்ந்தே ஒலிக்கும். அதை நீக்கினால் ஒலி ஆர்கனைப் போலாகிவிடும். சுத்தியல் தட்டும் இரைச்சலையும் சைன் அலைகளில் திணிக்காமல், மூல ஒலியிலிருந்து கூட்டொலியைக் கழித்து வரும் மிச்சத்தை வடிகட்டிய இரைச்சலாகத் தனியே சேருங்கள்.