விமர்சிக்கத் தெரிந்த மாணவர்களுக்கு நம்பிக்கையை எப்படி ஊட்டுவது?

நண்பர்களுக்கு வணக்கம். கல்லூரியில் பண்பாட்டு ஆய்வுகள் என்ற பாடத்தை நடத்துகிறேன். ஒரு விளம்பரத்துக்குள் ஒளிந்திருக்கும் அதிகாரத்தை என் மாணவர்கள் நொடியில் பிரித்துக் காட்டுகிறார்கள், "இதை எப்படி மாற்றுவது?" என்றால் வாயடைத்துப் போகிறார்கள். அந்த மௌனம் என்னை வாட்டுகிறது.

1973-இல் சிலியில் ராணுவத் தளபதி பினோசே ஆட்சியைப் பிடித்த பிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் சாக்குத் துணியில் கந்தல்களை வைத்துத் தைத்துப் படங்கள் செய்தார்கள். சிலவற்றில் மகனின் சட்டைத் துணியே இருந்தது. தேவாலயத்தின் துணையோடு அவை வெளிநாடுகளுக்குப் போய் உண்மையைச் சொல்லின. அடுத்த பருவத்தை இதிலிருந்தே தொடங்குகிறேன்.

பார்வையாளரே மேடையேறி நாடகத்தின் போக்கை மாற்றும் பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்டோ போவாலின் முறையை வகுப்பில் நடத்தியவர்கள் இருக்கிறீர்களா? கூச்சப்படுபவர்களை எப்படி எழுப்பினீர்கள்? தோற்ற முயற்சிகளையும் தயங்காமல் எழுதுங்கள். ஆறுதல் கதைகளைவிட அவைதான் எனக்கு உதவும்.